மிட்வைப் மிஸ் ஓடினால்

என் மனைவி ஜீவராணி ஒரு மிட்வைப். நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கடந்த பதினான்கு வருடங்களில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேராவது அவளுடைய தராசில் கிடந்து கத்தியவர்கள்தான். தோட்டத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஸ் என்றால் அவள்தான். நான் அழகன், ஆட்டோ ஓட்டுகிறேன். என்னை "மிஸ் வீட்டு அண்ணே" என்பார்கள். பதினேழு வருடமாக நோர்வூட் ஸ்டாண்டில் கிடந்து நான் சம்பாதித்த பட்டம் இவ்வளவுதான்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. மூன்று வருடமாக ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. முதலில் நீந்தவேண்டும், கரையேறிச் சைக்கிள் மிதிக்கவேண்டும், இறங்கி ஓடவேண்டும், எல்லாவற்றையும் இடையில் உட்காராமல் செய்துமுடிக்கவேண்டும். ட்ரையத்லன் என்று பெயர். முதல் தடவை அவள் அதைப் பற்றிச் சொன்னபோது, "இதுல ஏதாவது ஒண்ணு செஞ்சா போதாதா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்றால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

நியாயமாகச் சொன்னால், மூன்றையும் அவளுக்குப் பழக்கியது அவளுடைய வேலைதான். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் சில இருக்கின்றன. கிழமைக்கு இரண்டு தடவை படகில் போய்வருவாள். ஒருநாள் காற்றில் படகு ஆடியபோது, கிளினிக் வந்து திரும்பிக்கொண்டிருந்த நிறைமாதக்காரி ஒருத்தி இவள் கையை இறுக்கிப் பிடித்து, "கவுந்தா என்ன செய்வீங்க மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படகுக்காரர் மாயாண்டியிடம் போய் நீச்சல் பழக்கித்தரச் சொன்னாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பத்து நாளில் விட்டுவிடுவாள் என்று மாயாண்டி சொன்னார். நான் நாலு நாள் என்று சொன்னேன்.

சைக்கிள் வந்தது பெற்றோல் இல்லாத அந்த வருடத்தில். என் ஆட்டோ பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் மூன்று நாள் வரிசையில் நின்றது. நான் அதற்குள்ளேயே தூங்கி எழும்பிக்கொண்டிருந்தேன். இவள் சைக்கிள் திருத்தும் ராசிக் நானாவின் கடையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்தெடுத்து, பையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையைத் தாண்டி வேலைக்குப் போனாள். என் ஆட்டோவைத் தாண்டும்போது மட்டும் மணி அடித்தாள். அந்த மணியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்போதெல்லாம் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனாலும் வலி எடுத்தால் முதலில் தேடுவது மிஸ்ஸைத்தான். கூப்பிட்டு ஆள் வந்தால் அவள் நடந்தா போவாள்?

நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருடத்துக்கு ஒருமுறை ஒரு விளையாட்டுக் கழகம் இந்தப் பந்தயத்தை நடத்துகிறது. முதல் வருடம் கடைசிக்கு முன்னால் வந்தாள். இரண்டாம் வருடம் பெண்களில் நாலாவது. ஒரு சான்றிதழும் நீலத் துவாய் ஒன்றும் கொடுத்தார்கள். அந்தத் துவாயால் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் முகம் துடைத்ததில்லை, துடைக்கவும் முடியாது.

மூன்றாம் வருடப் பந்தயத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது விழுந்தாள். நீந்தும்போதோ ஓடும்போதோ விழுந்திருந்தால் கொஞ்சம் பெருமையாவது மிஞ்சியிருக்கும். கிளினிக் நாளில், பிள்ளை நிறுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு லயத்துப் படியில் இறங்கும்போது பாசியில் வழுக்கினாள். நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தராசை விடவில்லை, காலை விட்டுவிட்டாள். வலது கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆறு கிழமை பிளாஸ்டர். அதற்குப் பிறகும் மலையேறும் வேலை வேண்டாம் என்று அலுவலகத்தில் ஒரு மேசையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவளுடைய லயங்களை, ஏற்கெனவே தனக்கென்று ஓர் ஏரியா வைத்திருந்த இன்னொரு மிட்வைப் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

ஊரெல்லாம் "ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்தவள், அதே வார்த்தையை நான் சொன்னபோது என்னைக் கடித்துக் குதறினாள். பிளாஸ்டர் வெட்டிய பிறகு வலி மெல்ல மெல்லப் போனது. வேறொன்று போகவில்லை. வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படியில்கூட முதலில் கால்நுனியை வைத்துப் பார்த்துத்தான் இறங்கினாள். ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்காமல், "வலி இல்லீங்க. அந்தக் கால் மேல நம்பிக்கைதான் வரல" என்றாள். எனக்குக் கேலி செய்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உடற்பயிற்சி கொடுத்தவர் பிரியந்தி மிஸ். சிரிக்கத் தெரியாதவர் என்று நான் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். பந்தயத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவர் ஒரு சோதனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீந்தி, கொஞ்சம் சைக்கிள் மிதித்து, அதன் மேல் முப்பது நிமிடம் ஓடவேண்டும்.

"வேகம் முக்கியமில்ல. நிக்கக்கூடாது. முப்பது நிமிசம் ஓடிட்டு, திங்கக்கிழமை வீக்கம் இல்லாம வந்தா, கடிதம் தாறேன். இல்லாட்டி இந்த வருசம் பந்தயமும் இல்ல, மலையும் இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் ஜீவராணி ஆட்டோவில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "இந்த அரை மணித்தியாலம் ஓடிட்டேன்னா, அந்த மேசைய விட்டு எழும்பிருவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பனி விலகியும் விலகாமலும் இருக்கும்போது, தண்ணீரில் இறங்கினாள். நானும் மாயாண்டியும் பக்கத்தில் படகில் போனோம். தண்ணீரைத் தொட்டுப் பார்த்த எனக்கே பல் கிடுகிடுத்தது. அவள் ஒரு பிசகும் இல்லாமல் போய்வந்தாள். தண்ணீரில் யாருக்கும் கணுக்கால் தேவையில்லை என்று மாயாண்டி தத்துவம் பேசினார். சைக்கிளும் நன்றாகவே போனது. தோட்டத்துப் பாதை பிரியும் சந்தியில் இறங்கி, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கினாள். தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை அது. நான் போனில் நேரத்தை ஓடவிட்டு, ஆட்டோவில் பின்னால் போனேன்.

இங்கேதான் நான் இரண்டு முட்டாள்தனம் செய்தேன். வளைவுகளில் வருகிறவர்கள் கண்டுகொள்ளட்டும் என்று ஆட்டோவின் மஞ்சள் விளக்குகளை மினுங்கவிட்டேன். அவளுடைய மிட்வைப் பையை, வழக்கமாக வைக்கிற மாதிரி, முன் கண்ணாடிக்குக் கீழே எல்லோருக்கும் தெரிய வைத்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எனக்கே அந்த ஊர்வலம் வேறு மாதிரித்தான் தெரிகிறது.

முதல் ஐந்து நிமிடம் நான் அவள் வலது காலை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். அந்தக் கால் பதியும் ஒவ்வொரு முறையும் அவள் தோள் கொஞ்சம் தூக்கியது. கால் வலிக்கவில்லை, அவள் அதை நம்பவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஞாயிறு என்றால் கைக்காசு நாள். விரும்பியவர்கள் வந்து, பறித்த கொழுந்துக்கு அன்றே கூலி வாங்கிப் போகலாம். அதனால் மலை நிறையப் பெண்கள் நின்றார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு குரல் கேட்டது: "ஏய், மிஸ் ஓடுறாங்க." மலையில் அத்தனை கைகளும் நின்றுவிட்டன. நாகலெட்சுமி அக்கா கூடையோடு பாதையோரம் வரை இறங்கி வந்து, "யாருக்கு மிஸ்?" என்று கேட்டார்.

ஏன் ஓடுறீங்க என்று அவர் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் சும்மா ஓடுவதில்லை. குளவி கலைந்தால் ஓடுவோம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் ஓடுவோம். மிஸ் ஓடினால் எங்கேயோ ஒருத்திக்கு வலி எடுத்திருக்கிறது. அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

ஜீவராணிக்குப் பேச மூச்சில்லை. ஒன்றுமில்லை, மேலே போய்வருகிறேன் என்பதுபோல் கையை மலையுச்சிப் பக்கம் காட்டிவிட்டு ஓடினாள். பின்னால் நான், விளக்கு மினுங்க, பையோடு.

"மேல் டிவிசன்ல நிறைமாசம் யாரு?" என்று மலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நம்ம தனுஷிகாதான். தலைப்பிரசவம்."

"அண்ணே, மிஸ்ஸ ஏத்திக்கிட்டுப் போகாம என்ன பின்னால வந்துக்கிட்டு இருக்கீங்க? ஆட்டோ பழுதா?"

"பழுதில்ல" என்றேன்.

"அப்ப சண்டையா?"

"அவ சும்மா ஓடுறா அக்கா."

நாகலெட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பெண்டாட்டியைச் சும்மா ஓடவிட்டு ஆட்டோவில் சவாரி போகிறவன் என்ற கெட்ட பெயர் அன்றைக்குத்தான் எனக்கு விழுந்தது.

முன்பென்றால் மலைக்கு மலை கூவித்தான் செய்தி போகும். இப்போது போன் இருக்கிறது. அடுத்த எட்டு நிமிடத்தில் எனக்கு ஆறு அழைப்புகள். ஒவ்வொன்று வரும்போதும் ஓடுகிற நேரம் திரையில் மறைந்துபோனது. நான் ஒவ்வொன்றையும் வெட்டிவிட்டேன். அவன் வெட்டுகிறான் என்றால் நிலைமை மோசம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பதினாலாவது நிமிடத்தில் மேலேயிருந்து கொழுந்து லொறி வந்தது. டிரைவர் ரிஃகான் லொறியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க மிஸ், இப்பவே திருப்புறேன்" என்றான். அவள் நிற்கவில்லை. லொறிக்கும் பாதையோரத் தண்ணீர்க் கானுக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் இருந்தது. அதுவும் சல்லிக்கல். அதில் வலது காலை ஊன்றித்தான் தாண்டவேண்டும். எனக்கு உயிரே போய்விட்டது. கல் சரிந்தது, கால் கொஞ்சம் திரும்பியது, அவள் தாண்டிவிட்டாள்.

நான் அந்தப் பக்கம் போக ரிஃகான் வழிவிட்டால்தானே. அவன் லொறியை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி, நானும் வருகிறேன் என்று என் பின்னால் சேர்ந்துகொண்டான். இரண்டு வளைவு தாண்டித்தான் அவளைப் பிடித்தேன். தோள் தூக்குவது நின்றிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அந்தக் காலை நினைத்துக்கொள்வாள் என்று பயம்.

இருபத்தாறாவது நிமிடம் மேல் டிவிசனில் ஏறினோம். முப்பது பேராவது பாதையில் நின்றார்கள். இரண்டு வீட்டில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ புதுப் பாயும் தலையணையும் எடுத்து வைத்திருந்தார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்கிற தனுஷிகாவின் கணவன் திலக்ஷனுக்குச் சொல்லி, அவன் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டானாம். மிஸ்ஸைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, லயத்துக்கு ஏறும் படிவரை வழிவிட்டது.

படிக்குக் கீழே வந்து அவள் நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள். கால் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்க, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"யாருக்கும் வலி இல்ல. நான் என் காலத்தான் சோதிச்சுப் பார்க்குறேன். இன்னும் கொஞ்ச நேரம் நிக்காம ஓடணும். அவ்வளவுதான்."

கூட்டம் அந்தக் கால்களைப் பார்த்தது.

"கால சோதிக்க இவ்வளவு தூரம் ஏறணுமா மிஸ்? கீழயே சுத்தியிருக்கலாமே" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரிஃகான் லொறிக்குள் இருந்தபடியே தலையில் கைவைத்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு தனுஷிகா படிக்கு மேலே வாசலில் வந்து நின்றாள். ஊரே தன்னைத் தேடி வந்ததில் அவளுக்கு வெட்கம். "எனக்கு வலியெல்லாம் இல்ல மிஸ்" என்றாள்.

நான் போனைப் பார்த்தேன். "ரெண்டே நிமிசம் ஜீவா, விட்டுறாத" என்றேன்.

அவள் கால்கள் நின்றன. இருபத்தேழு நிமிடம் நாற்பது செக்கன்.

"நிக்காத" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. கீழேயிருந்து பார்க்கிறவளுக்கு முதலில் தெரிந்தது படிமேல் நின்ற தனுஷிகாவின் பாதங்கள். செருப்புப் பட்டை சதைக்குள் புதைந்து கிடந்தது. முகமும் ஊதியிருந்தது. ஜீவராணி அந்தப் படிகளில் பாய்ந்து ஏறினாள். இரண்டு பக்கமும் பாசி பிடித்த படி அது, அவள் விழுந்த படியைப் போலவே. ஒன்று விட்டு ஒன்றாக ஏறினாள்.

குனிந்து, தனுஷிகாவின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"தல வலிக்குதா?"

"ரெண்டு நாளா மிஸ். பனியில நின்னதுன்னு நெனச்சேன்."

"கண்ணு?"

"பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

"ஏன் கிளினிக் போகல?"

தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க வந்தோன்ன வரலாம்னு இருந்தேன் மிஸ்."

ஜீவராணி நான் முட்டாள்தனமாகக் கொண்டுவந்த பையைக் கேட்டாள். பிரஷர் பார்த்தாள். எண்ணை யாருக்கும் சொல்லாமல், "ஆட்டோவ திருப்புங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதற்கு நான் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

தனுஷிகாவைத் தோளில் சாய்த்து அந்தப் படிகளில் இறக்கிக்கொண்டு வந்தாள். இருவர் பாரமும் ஒவ்வொரு படியிலும் முதலில் வலது காலில்தான் இறங்கியது. முப்பத்தொரு படி. நான் எண்ணினேன், அவள் எண்ணவில்லை. ரிஃகான் லொறியோடு எங்களுக்கு முன்னால் ஹோர்ன் அடித்து வழி எடுத்துக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் தனுஷிகாவை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க என்று டொக்டர் சொன்னார். நாங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்தோம். பந்தய உடுப்புக்கு மேலே என் பழைய டீசேர்ட், தலையில் காய்ந்துபோன குளத்துத் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருபத்தேழு நாப்பது."

"அப்ப முப்பது இல்ல."

"நான் முப்பதுன்னு சொல்றேன். அவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"பதினாலு வருசத்துல ஒரு பிள்ளைக்கும் நான் ஒரு கிராம் கூட்டி எழுதினது இல்ல" என்றாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நின்றதற்காக அழவில்லை. நின்றுதான் ஆகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மேசைக்குத் திரும்பிப் போகவேண்டுமே என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. பிளேன்டீ வாங்கப் போவதாகச் சொல்லி எழும்பிப் போய், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தேன்.

திங்கட்கிழமை பிரியந்தி மிஸ் கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. "முப்பது நிமிசம்?" என்றார்.

"இல்ல மிஸ். இருபத்தேழு நாப்பது. நின்னுட்டேன்."

நான் பொறுக்கமாட்டாமல், படி முப்பத்தொன்று, நிறைமாதக்காரி, பாசி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பிரியந்தி மிஸ் என்னைப் பார்க்காமலே, "படிக் கணக்கு நான் கேக்கல" என்றார். பிறகு ஜீவராணியிடம், "வலது கால்ல மட்டும் நில்லுங்க. முப்பது செக்கன்" என்று சொல்லி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அவள் நின்றாள். இருபது செக்கனில் அவள் போன் அடித்தது. போன் அடித்தால் எடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. எடுத்தாள். திலக்ஷன் பேசியது எனக்கே கேட்டது. ஒப்பரேஷன் செய்து எடுத்தார்களாம், பொம்பளப் பிள்ளையாம், இரண்டும் நலமாம்.

"எத்தன கிலோ?" என்றாள். இரண்டு கிலோ நானூறு. "பால் குடிச்சிச்சா? தனுஷிகாவுக்கு பிரஷர் எறங்கிச்சா? நர்ஸ்கிட்ட கேட்டுச் சொல்லுங்க, நான் இருக்கேன். யாரும் சீனித்தண்ணி குடுக்கவேணாம், வெளங்குதா? அழாதீங்க தம்பி. அழுதா நான் சொல்றது கேக்காது." இப்படியே போனது பேச்சு. இடது கால் தரைக்கு மேலே மடங்கியபடியே இருந்தது. ஒரு தடவைகூட அவள் சுவரைத் தொடவில்லை.

பிரியந்தி மிஸ் மணிக்கூட்டை மெல்ல என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன். முந்தைய நாள் மிச்சம் வைத்த இரண்டு நிமிடம் இருபது செக்கன் அதற்குள் அடங்கிவிட்டது என்று நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவரும் கூட்டியிருக்கவேண்டும். ஜீவராணி போனை வைத்து, தான் எப்படி நிற்கிறோம் என்று அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பிரியந்தி மிஸ் அதற்குள் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே மேசையை விட்டு எழும்பினாள். மூன்று கிழமை கழித்துப் பந்தயம். மாயாண்டி படகைக் கழுவி, பாதுகாப்புக்கு என்று சொல்லி நீச்சல்காரர்களுக்குப் பக்கத்திலேயே வந்தார். உண்மையில் இவளுக்குப் பக்கத்தில் மட்டும்தான் வந்தார். சைக்கிளில் இரண்டு பேரை முந்தினாள். ஓட்டத்துக்கு இறங்கியபோது ஆறாவது. என்னைப் பின்னால் ஆட்டோவில் வரக்கூடாது என்று முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் கடைசித் திருப்பத்தில் போய் நின்றேன்.

அங்கே எனக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. நாகலெட்சுமி அக்கா, அவருடைய மலைக்காரிகள், மேல் டிவிசனிலிருந்து ரிஃகான் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த இருபது முப்பது பேர். திலக்ஷன் போனில் பிள்ளையின் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். தனுஷிகாவும் வருகிறேன் என்றாளாம். பச்சை உடம்போடு காற்றில் வந்து நின்றால் மிஸ் பந்தயத்தை நிறுத்திவிட்டு ஏசுவார் என்று சொல்லித் தடுத்திருக்கிறார்கள்.

வளைவில் அவள் வந்தாள். தோள் தூக்கவில்லை. கால் எது நல்லது எது கெட்டது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கிட்ட வந்ததும், எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே குரலில் கேட்டார்கள்.

"யாருக்கு மிஸ்?"

இந்தத் தடவை அவளுக்குப் பேச மூச்சு இருந்தது.

"எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டி ஓடினாள்.